ஹெய்யான் அரசவையில் கவிதை எதற்குப் பயன்பட்டது?

பண்டைய ஜப்பானின் அரசவைப் பிரபுக்கள் நிலவு பார்ப்பதிலும் கவிதை எழுதுவதிலும் உடைக்கு நறுமணம் ஊட்டுவதிலும் பொழுதைக் கழித்தவர்கள் என்றால் நாட்டை ஆண்டது யார், இப்படியொரு கூட்டம் ஏறக்குறைய 400 ஆண்டுகள் செல்வாக்கோடு நீடித்தது எப்படி என்பது உங்கள் கேள்வி. கேள்வியின் பின்பகுதியில் அந்தக் காலத்தின் சிறந்த உரைநடையைப் பெண்கள் எழுதியது ஏன் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. கவிதையை ஓய்வுநேரத்துக்கும் ஆட்சியை அலுவலகத்துக்கும் ஒதுக்கிப் பார்ப்பது நம் காலத்துப் பழக்கம். அந்த அரசவையில் இரண்டும் ஒரே கூடத்தில், ஒரே மனிதர்களிடையே நடந்தன.

கன்மு பேரரசர் 794இல் தலைநகரை ஹெய்யான்கியோவுக்கு, அதாவது இன்றைய கியோட்டோவுக்கு, மாற்றினார். சீனத்துத் தாங் பேரரசின் சாங்கான் நகரைப் பார்த்துக் கட்டம் கட்டமாக வரையப்பட்ட நகர் அது. நடுவே வடக்கு தெற்காக ஓடிய சுசாகு பெருவீதி 80 மீட்டருக்கும் அதிக அகலம் கொண்டது. வரைபடத்தில் இருந்த சமச்சீர் தரையில் நிலைக்கவில்லை. மேற்குப் பாதி ஈரநிலமாக இருந்ததால் மக்கள் அங்கிருந்து விலகினர். 982இல் எழுதப்பட்ட ஒரு குறிப்பு அந்தப் பகுதி பாழடைந்து கிடந்ததைச் சொல்கிறது. பிரபுக்களின் மாளிகைகளோ அரண்மனையை ஒட்டிக் கிழக்குப் பாதியில் நெருங்கிக் கிடந்தன. அவர்களுக்கு உலகம் என்பது ஏறத்தாழ அவ்வளவுதான். மாகாணத்துக்கு ஆளுநராகப் போவது வருமானம் தரும் வேலைதான் என்றாலும், கௌரவத்தைக் கருதியவர்களுக்கு அது தண்டனைபோலவே இருந்தது.

அந்தச் சிறிய உலகத்துக்குள் ஒவ்வொருவரும் எந்தப் படியில் நிற்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். 701ஆம் ஆண்டின் தாய்ஹோ சட்டம் வகுத்த தரவரிசையில், பிரிவும் உட்பிரிவுமாக 30 படிகள். ஐந்தாம் தரமும் அதற்கு மேலும் உள்ளவர்களே பிரபுக்கள். மூன்றாம் தரமும் அதற்கு மேலும் உள்ளவர்கள் ஆட்சியை நடத்திய சிறு குழு. அரசவை உடையின் நிறத்தையும் பேரரசர் வாழும் கூடத்துக்குள் கால்வைக்கலாமா என்பதையும் பெரும்பாலும் இந்தப் படிகளே தீர்மானித்தன. இச்சிஜோ பேரரசர் தம் செல்லப் பூனைக்கு அரசவைத் தரம் கொடுத்து, அதைக் கவனித்துக்கொள்ள ஒரு பெண்ணையும் நியமித்திருந்தார் என்று அரசவைத் தோழிப்பெண்ணான செய் ஷோனாகோன் எழுதிவைத்திருக்கிறார். பல்லாண்டு அலுவலகத்தில் உழைத்தும் ஆறாம் தரத்தைத் தாண்டாத குமாஸ்தாக்கள் அந்தப் பூனையை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று நான் சில சமயம் நினைத்துக்கொள்வதுண்டு.

இனி ஆட்சிக்கு வருவோம். உயர்குடித் திருமணத்தில் கணவன் மனைவியின் வீட்டுக்கு வந்து போவான், அல்லது நாளடைவில் அங்கேயே குடியேறுவான். பிறக்கும் குழந்தைகள் தாயின் வீட்டில், தாய்வழித் தாத்தாவின் கண்காணிப்பில் வளர்வார்கள். அரச குடும்பமும் இதற்கு விலக்கில்லை. அரசிக்குப் பேறுகாலம் நெருங்கினால் அவள் பிறந்தகத்துக்குத்தான் வருவாள். ஃபுஜிவாரா குடும்பம் பிடித்துக்கொண்ட நூல்முனை இதுதான். மகளைப் பேரரசருக்கு மணமுடித்து, அவள் மகனைச் சிறுவயதிலேயே அரியணையில் அமர்த்தி, பேரனுக்குப் பதிலாகத் தாத்தா ஆளலாம். சிறுவனுக்குப் பதிலாக ஆள்பவர் செஷ்ஷோ. வளர்ந்த பேரரசருக்கு எல்லா ஆலோசனையும் சொல்பவர் கம்பாக்கு. 9ஆம் நூற்றாண்டில் யோஷிஃபுசா தொடங்கிவைத்த இந்த ஏற்பாட்டில் படை திரட்ட வேண்டியதில்லை, அரியணையைப் பறிக்க வேண்டியதில்லை; பேரரசர் புனிதமானவராக இருந்த இடத்திலேயே இருக்கலாம்.

இந்த ஏற்பாட்டில் ஒரு நிச்சயமின்மை உண்டு. பேரரசருக்கு மனைவியர் பலர்; எந்த மனைவியின் இருப்பிடத்துக்கு அவர் விரும்பி வருகிறார் என்பது கட்டளையிட்டு நடப்பதன்று. ஆகவே தந்தைமார் மகளைச் சுற்றி, பேரரசரும் இளம் பிரபுக்களும் தாமாகவே தேடி வரும்படியான ஓர் இடத்தை உருவாக்க வேண்டியிருந்தது. அழகிய நூல்கள், நல்ல இசை, கூர்மையான பேச்சு, சட்டென்று கவிதை கட்டக்கூடிய தோழிப்பெண்கள் எல்லாம் அதற்காகச் சேர்க்கப்பட்டவை. திறமையான எழுத்தாளப் பெண்ணை வேலைக்கு அமர்த்துவது, நம் கணக்கில் சொன்னால், அரசியல் செலவு.

இச்சிஜோவின் காலத்தில் இது வெளிப்படையான போட்டியானது. ஃபுஜிவாரா நோ மிச்சிதாக்காவின் மகள் தெய்ஷி முதலில் அரசியானாள். அவளிடம் பணியாற்றியவர்தான் செய் ஷோனாகோன். ஒருநாள் பனி கனத்துப் பெய்திருக்கிறது. சாளரத் தட்டிகளை இறக்கிவிட்டு, கணப்பைச் சுற்றித் தோழிகள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அரசி திடீரென்று, “ஷோனாகோன், தூபக்கால் சிகரத்துப் பனி எப்படி இருக்கிறது?” என்று கேட்கிறாள். ஷோனாகோன் வாயைத் திறக்கவில்லை. தட்டியை ஏற்றச் செய்து, மூங்கில் திரையை உயரச் சுருட்டிப் பிடிக்கிறார்; அரசி சிரிக்கிறாள். தூபக்கால் சிகரத்துப் பனியைத் திரை தூக்கிப் பார்க்கிறேன் என்று சீனக் கவிஞர் பாய் ஜூயி எழுதிய வரி அந்தக் கூடத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ஆயினும் வரியைச் சொல்லாமல் செய்து காட்டலாம் என்று தோன்றியது ஒருவருக்குத்தான். இப்படி ஒரு நொடி கிடைத்தால் அதை மறுநாள் அரசவை முழுவதும் பேசும். அரசியின் இருப்பிடத்துக்கு மதிப்புக் கூடும்.

அந்த மதிப்பு தெய்ஷியைக் காப்பாற்றவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 995இல் மிச்சிதாக்கா இறந்தார். அவருக்குப் பின் கம்பாக்கு ஆன தம்பி மிச்சிகானே சில நாள்களிலேயே கொள்ளைநோய்க்குப் பலியானார். அடுத்த தம்பி மிச்சினாகாவுக்கு வழி திறந்தது. பேரரசரின் தாயான சென்ஷி, மிச்சினாகாவின் சொந்த அக்காள். அவருடைய ஆதரவும் இவர் பக்கம். அடுத்த ஆண்டு தெய்ஷியின் அண்ணன் கொரேச்சிகா, முன்னாள் பேரரசர் மீது அம்பு எய்த குற்றத்தில் சிக்கி நாடுகடத்தப்பட்டார். 999இல் மிச்சினாகா தம் மகள் ஷோஷியை, அவர்கள் கணக்கில் 12 வயதில், அரண்மனைக்கு அனுப்பினார்; மறு ஆண்டே ஒரே பேரரசருக்கு இரண்டு அரசிகள் என்ற வழக்கமில்லாத வழக்கத்தை உண்டாக்கினார். அதே ஆண்டின் இறுதியில் தெய்ஷி பேறுகாலத்தில் இறந்தாள். ஷோனாகோன் எழுதியதில் இந்தத் துயரங்களுக்கு ஏறக்குறைய இடமே இல்லை. பனியும் சிரிப்பும் உடைகளின் நிறங்களும்தான் இருக்கின்றன. மேலோட்டமான எழுத்து என்று அதைக் குறை சொல்பவர்கள் உண்டு. வீழ்ந்துபோன எசமானியைச் சிரித்த முகத்தோடு மட்டுமே நினைவில் வைப்பது என்று ஒரு பணிப்பெண் எடுத்த முடிவாக நான் அதைப் படிக்கிறேன்.

ஷோஷியின் பக்கத்துக்கு மிச்சினாகா தேடிக்கொண்டவர்களில் ஒருவர்தான் ‘கெஞ்சியின் கதை’ என்னும் நெடுங்கதையை எழுதிய முராசாகி ஷிகிபு. கணவரை 1001இல் இழந்து, சில ஆண்டுகள் கழித்துப் பணிக்கு வந்தவர். சகோதரருக்குச் சீன நூல்களைச் சொல்லிக்கொடுக்கும்போது பக்கத்தில் இருந்தே அவரைவிட வேகமாகக் கற்றுக்கொண்டதையும், நீ ஆணாகப் பிறக்கவில்லையே என்று தந்தை வருந்தியதையும் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அரண்மனையில் சீன எழுத்தே தெரியாதவர்போல நடித்துக்கொண்டு, அரசிக்கு மட்டும் பாய் ஜூயியின் கவிதைகளை மற்றவர் கண்ணில் படாமல் கற்பித்திருக்கிறார். ஷோனாகோனைப் பற்றிச் சீன எழுத்துகளை வாரி இறைத்துப் புத்திசாலித்தனம் காட்டுபவர் என்று கடுமையாக எழுதியவரும் இவரே.

அதே நாட்குறிப்பில் 1008இல் ஷோஷிக்கு முதல் மகன் அத்சுஹிரா பிறந்த நிகழ்ச்சி விரிவாக வருகிறது. அரண்மனைக்குப் போய் ஒன்பது ஆண்டுகள் காத்திருந்த பிறகு கிடைத்த குழந்தை. நாட்டிலேயே அதிகாரம் மிக்க மனிதர் நேரம் காலம் பாராமல் வந்து பேரனைத் தூக்கிக்கொள்கிறார். குழந்தை அவர் உடையை நனைத்துவிடுகிறது. அவர் இடுப்புக் கச்சையைத் தளர்த்தி, திரைக்குப் பின்னால் நனைந்த துணியை நெருப்பில் காட்டி உலர்த்தியபடி, இளவரசர் நனைத்ததில் நனைவது எவ்வளவு பாக்கியம் என்று மகிழ்கிறார். தாத்தாவின் பாசம் அதில் பொய்யில்லை. அந்தக் குழந்தை எட்டு ஆண்டுகள் கழித்து, 1016இல், அரியணை ஏறியபோது செஷ்ஷோ ஆனவரும் அந்தத் தாத்தாதான். கம்பாக்கு என்ற பெயராலேயே வரலாற்றில் அழைக்கப்படும் மிச்சினாகா அந்தப் பதவியில் ஒருநாளும் இருந்ததில்லை என்பது வேடிக்கை.

கவிதைக்கு அரசவைக்குள் இருந்த வேலை இது என்றால், வீட்டுக்குள் இருந்த வேலை இதைவிடப் பெரியது. உயர்குடிப் பெண்ணைத் தந்தையும் கணவனும் நெருங்கிய உறவினரும் தவிர வேறு ஆண்கள் பார்க்க முடியாது. மூங்கில் திரைக்கும் துணித்திரைக்கும் பின்னால் அவள் இருப்பாள்; வெளியே தெரிவது திரையின் அடியில் வழியவிட்ட உடைக்கரைகளின் நிற அடுக்கு மட்டும். ஆகவே காதல் கடிதத்தில் தொடங்கும். 5, 7, 5, 7, 7 என்று மொத்தம் 31 எழுத்துகளில் அமைந்த வாக்கா கவிதை. அதை எழுதிய தாளின் நிறம், மடித்த விதம், கையெழுத்தின் ஓட்டம், கடிதத்தைக் கட்டி அனுப்பிய கிளை அந்தப் பருவத்துக்கு உரியதா என்பது எல்லாம் படிக்கப்படும். ஆண் இரவில் வந்து விடியுமுன் போய்விட வேண்டும். போனவுடன் காலைக் கடிதம் வர வேண்டும். அது தாமதமானால் பெண்ணின் வீட்டில் முகங்கள் வாடும். மூன்று இரவுகள் தொடர்ந்து வந்து, மூன்றாம் இரவில் அரிசிப் பணியாரம் உண்டால் அது திருமணம்.

மிச்சினாகாவின் தந்தை கானேயிக்கு வாழ்க்கைப்பட்ட ஒரு பெண், மிச்சித்சுனாவின் தாய் என்று மட்டும் அறியப்படுபவர், 954 முதல் 974 வரையிலான தம் மணவாழ்வை எழுதிவைத்தார். மணமான மறு ஆண்டே கணவர் வேறொரு பெண்ணிடம் போய்வருவது தெரிந்துவிடுகிறது. ஒருநாள் விடியற்காலையில் கதவு தட்டப்படுகிறது. அவர்தான் என்று தெரிந்தும் இவர் திறக்கவில்லை. அவர் திரும்பி அந்தப் பெண்ணின் வீட்டுக்கே போய்விடுகிறார். காலையில் இவர் வழக்கத்தைவிடக் கவனமாக எழுதி, நிறம் மங்கத் தொடங்கிய ஒரு செவ்வந்தியில் கட்டி அனுப்புகிறார்: புலம்பியபடி தனியே படுத்திருப்பவளுக்கு விடியும்வரை இரவு எவ்வளவு நீளம் என்று உமக்குத் தெரியுமா? ஜப்பானிய மொழியில் பொழுது விடிவதற்கும் கதவு திறப்பதற்கும் அதே ஒலியுள்ள வினைச்சொல்தான். கானேயியின் பதிலும் அந்தச் சொல்லையே பிடித்துக்கொள்கிறது: விடியத் தாமதிக்கும் குளிர்கால இரவைப் போலவே, திறக்கத் தாமதிக்கும் கதவும் துன்பம்தான். சண்டையில் யார் வென்றார் என்று சொல்ல முடியாதபடி இருவருக்கும் மொழி வசப்பட்டிருந்தது.

இருட்டில் ஆளை அடையாளம் காட்டியது நறுமணம். அகில், சந்தனம், கிராம்பு போன்றவற்றை இடித்துத் தேன் சேர்த்து உருண்டையாக்கி, சில காலம் மண்ணில் புதைத்து வைத்து எடுப்பார்கள். தூபக்காலின் மேல் ஒரு கூடைச்சட்டத்தைக் கவிழ்த்து அதன்மீது உடையைப் போர்த்திப் புகையூட்டுவார்கள். கலவையின் அளவு குடும்ப ரகசியம். முகத்துக்கு வெள்ளை மாவு, பிடுங்கிய புருவத்துக்கு மேலே மையால் வரைந்த புருவம், கறுப்பாக்கிய பற்கள், ஆளின் உயரத்தைத் தாண்டும் கூந்தல் என்பது பெண்ணழகின் இலக்கணம். இதைக் கேலி செய்தவர்களும் அந்தக் காலத்திலேயே இருந்தார்கள்: புருவம் பிடுங்காமல், பல்லைக் கறுப்பாக்காமல், கம்பளிப்பூச்சிகளை வளர்த்து அவை என்னவாக மாறுகின்றன என்று பார்க்கும் ஒரு பிரபுவின் மகளைப் பற்றிய சிறுகதை ஒன்று அந்தக் காலத்திலிருந்து நமக்குக் கிடைத்திருக்கிறது.

ஆண்களின் அன்றாடத்தைக் காண மிச்சினாகாவின் பாட்டனார் மொரோசுகே (908–960) வாரிசுகளுக்கு எழுதிய அறிவுரையே போதும். எழுந்ததும் தம் பிறந்த ஆண்டுக்குரிய விண்மீனின் பெயரை ஏழுமுறை மெல்ல உச்சரிக்க வேண்டும். கண்ணாடியில் முகம் பார்க்க வேண்டும். பஞ்சாங்கத்தில் நாள் எப்படி என்று பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் பல் துலக்குவதும் கஞ்சி குடிப்பதும். தலை வாருவது மூன்று நாளைக்கு ஒருமுறை, குளிப்பது நாள் பார்த்து ஐந்து நாளைக்கு ஒருமுறை. விலங்குகளின் பெயரால் எண்ணப்பட்ட நாள்களில் கைநகம் வெட்ட எருது நாள், கால்நகம் வெட்டப் புலி நாள். முந்தைய நாள் நடந்தவற்றைக் காலையில் குறித்துவைக்கவும் சொல்கிறார். அதற்குக் காரணம் உண்டு. சடங்கில் யார் எங்கே நின்றார், எந்தப் படியில் எந்தக் காலை முதலில் வைத்தார் என்ற முன்மாதிரிகளை அறிந்தவரே அரசவையில் மதிக்கப்பட்டார். ஆகவே பிரபுக்களின் நாட்குறிப்புகள் சொத்துப் பத்திரம்போலப் பிள்ளைகளுக்குக் கைமாறின. மிச்சினாகா தம் கைப்பட எழுதிய சுருள்கள் 14 இன்றும் கியோட்டோவில் இருக்கின்றன.

அந்தக் குறிப்புகள் எல்லாம் சீனமொழியில், அல்லது சீனமென்று ஜப்பானியர் எழுதியதில், அமைந்தவை. பெண்கள் ஏன் எழுதினார்கள் என்ற உங்கள் கேள்விக்கு இங்கேதான் பதில் கிடைக்கிறது. ஆண்களுக்கு எழுத்து என்பது அலுவல், அலுவல் என்பது சீனம். பேசும் மொழியை அப்படியே எழுத உதவிய கானா எழுத்துக்குப் பெண்கை என்றே பெயர். கி நோ த்சுராயுகி என்ற கவிஞர் 935ஐ ஒட்டித் தம் பயணக் குறிப்பைக் கானாவில் எழுத விரும்பியபோது, எழுதுவது ஒரு பெண் என்று பாவனை செய்துகொண்டார். மனம் நினைப்பதை நினைத்த சொல்லிலேயே எழுதும் வாய்ப்புப் பெண்களிடம் இருந்தது. எழுதத் தாளும் படிக்க ஆளும் கொடுக்க, மகளின் சபையை அலங்கரிக்க விரும்பிய தந்தைமார் இருந்தார்கள். கானா எழுத்துகளை அ, இ, உ, எ, ஒ என்று தொடங்கி க, ச, த, ந வரிசையில் அடுக்கும் முறையைப் பார்த்துத் தமிழர்கள் வியப்பதுண்டு. பௌத்தத் துறவிகள் சமஸ்கிருத எழுத்தைக் கற்றதன் வழியாக இந்தக் காலத்தில் உருவான அடுக்குமுறை அது. வியப்புக்குக் காரணம் இருக்கிறது, ஆனால் நேரடித் தமிழ்த் தொடர்பென்று நீட்ட வேண்டியதில்லை.

இவ்வளவு எழுதியவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியாது. ஷிகிபு என்பது தந்தை பணியாற்றிய சடங்குத் துறையின் பெயர். ஷோனாகோன் என்பது ஒரு பதவியின் பெயர். பெரும்பாலும் அரசிகளாகவும் இளவரசர்களின் தாய்களாகவும் ஆனவர்களுக்கே ஆவணங்களில் பெயர் இருந்தது.

இத்தனைக்கும் நெல் எங்கிருந்து வந்தது? மாகாணங்களிலிருந்து. ஆளுநர் மேலிடத்துக்கு உரியதைச் செலுத்திவிட்டால், அதற்கு மேல் எவ்வளவு கறந்தாலும் தலைநகர் பெரும்பாலும் கேட்காது. பெரிய குடும்பங்களுக்கும் கோயில்களுக்கும் வரிவிலக்குப் பெற்ற பண்ணைகள் வேறு. 988இல் ஓவாரி மாகாணத்தின் மாவட்ட அலுவலர்களும் உழவர்களும் ஃபுஜிவாரா நோ மோதோநாகா என்ற ஆளுநர்மீது மனு கொடுத்தார்கள்: சட்டத்துக்கு மேல் வரி பிடுங்குகிறார், தலைநகரிலிருந்து கூட்டிவந்த உறவினரையும் அடியாட்களையும் ஊர்மீது ஏவிவிடுகிறார் என்று வரிசையாக 31 குற்றச்சாட்டுகள். வாக்காவின் எழுத்துகளும் 31 என்பது தற்செயல்தான். ஆனாலும் அந்த மனுவைப் படித்த பிறகு எனக்கு அந்த எண் பழையபடி ஒலிப்பதில்லை. அடுத்த ஆண்டு அவர் பதவி நீக்கப்பட்டார்.

கடைசியாக, மிச்சினாகாவின் நிலவுக் கவிதை. 1018ஆம் ஆண்டு பத்தாம் மாதம் 16ஆம் நாள் மிச்சினாகாவின் மூன்றாவது மகள் இஷி, தன் அக்காள் மகனான இளம் பேரரசருக்கு அரசியாக அறிவிக்கப்பட்டாள். அரசிப் பட்டங்கள் மூன்றும் இப்போது ஒரே வீட்டுப் பெண்களிடம். அன்றைய விருந்தில் மிச்சினாகா, கொஞ்சம் தற்பெருமையான கவிதை ஒன்று சொல்லப்போகிறேன், நீர் பதில் கவிதை சொல்ல வேண்டும் என்று சானேசுகேயிடம் கேட்டுக்கொண்டார். சானேசுகே அதே ஃபுஜிவாரா குலத்தின் மற்றொரு கிளை. மரபில் கரைகண்டவர், மிச்சினாகாவுக்கு எளிதில் வளையாதவர். கவிதை இது: இந்த உலகம் என் உலகம் என்றே எண்ணுகிறேன், முழுநிலவில் குறையேதும் இல்லை என்று எண்ணும்போது.

பதில் கவிதை பாடினால் புகழ்ந்தாக வேண்டும்; பாடாவிட்டால் அவமதிப்பு. சானேசுகே, இவ்வளவு அழகான கவிதைக்குப் பதில் சொல்ல வழியில்லை என்றார். செவ்வந்தியைப் பற்றி யுவான் ஜென் எழுதிய கவிதைக்குப் பாய் ஜூயி பதில் எழுதாமல் நாள் முழுவதும் அதையே பாடி ரசித்தார். நாமும் அப்படியே செய்வோம் என்றார். கூடியிருந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து அந்தக் கவிதையைத் திரும்பத் திரும்பப் பாடினார்கள். மிச்சினாகா மகிழ்ந்தார்; பதில் கேட்டு வற்புறுத்தவில்லை. தம் நாட்குறிப்பில் அந்த நாளுக்கு, நான் ஒரு வாக்கா சொன்னேன், மக்கள் பாடினார்கள் என்று மட்டும் எழுதிவிட்டுக் கவிதையை எழுதாமல் விட்டார். அதை எழுத்தெழுத்தாகக் குறித்துவைத்தவர், வீட்டுக்குப் போய்ச் சொந்த நாட்குறிப்பைத் திறந்த சானேசுகே.